புயலன்று வந்த குஞ்சுகள்

கன்னிகாவின் வீட்டுக்கு அதுவரை அவ்வளவு சத்தமான விருந்தாளிகள் வந்ததில்லை. டிசம்பர் மாதத்து ஒரு காலை. பாலசமுத்திரத்தின் மண்பாதையில் சேறு தெறிக்க ஏறி வந்து நின்றது வேன். பின்கதவைத் திறந்ததும் இரண்டாயிரம் கோழிக்குஞ்சுகள் ஒன்றாகக் கீச்சிட்டன. முட்டையை விட்டு வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவள் கன்னிகா. குழந்தை பிறந்த பிறகு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. சும்மா உட்காரவும் முடியவில்லை. அவளும் கணவன் தீனாவும் தங்கள் மாந்தோப்பின் ஓரத்தில் கோழிக்கொட்டகை போட்டார்கள். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும்; இவர்கள் வளர்த்துத் தர வேண்டும். இதுதான் முதல் பேட்ச். முந்தின இரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. உமி பரப்பி, குஞ்சுகள் சிதறாமல் இருக்கத் தகட்டு வளையம் கட்டி, குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, கொட்டகையை அடுப்படி மாதிரி சூடாக்கி வைத்திருந்தாள்.

கடற்கரைப் பக்கம் புயல் கரையைக் கடந்திருந்தது. இரண்டு நாளாகத் தூறலும் ஊதல் காற்றும் விடவில்லை. ஊரே போர்வைக்குள் இருந்தது. கடைசிப் பெட்டியை இறக்கி முடித்த நேரத்தில், பட்டென்று எல்லாப் பல்புகளும் அணைந்தன.

“இன்னா கன்னிகா, போச்சே!” என்றான் தீனா.

வேனோடு வந்திருந்த கம்பெனி சூப்பர்வைசர் சுனில் உடனே போனை எடுத்தார். எங்கேயோ கம்பங்கள் சாய்ந்துவிட்டன, கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. குஞ்சுகளைத் திருப்பிக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று பார்த்து வர டிரைவர் வண்டியை எடுத்தார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். ஊருக்கு வெளியே தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறதாம்.

“ஜெனரேட்டர் இருக்குதாம்மா?” என்று கேட்டார் சுனில்.

இல்லை. அடுத்த பேட்ச்சுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

குஞ்சுகளின் சத்தம் மாறிவிட்டதைக் கன்னிகா கவனித்தாள். கூர்மையான, விடாத அலறல். குளிர் பொறுக்காமல் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துவிடும். அவள் வளையத்துக்குள் தாவி, இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிப் பிரித்துவிட்டாள். பிரிக்கப் பிரிக்க மறுபடியும் ஏறின.

“இஸ்திரிக்காரரு!” என்று திடீரென்று கத்தினாள். “யோவ், ரங்கையா கிட்ட கரி இருக்கும். ஓடுய்யா!”

தீனா பைக்கை உதைத்துக்கொண்டு பறந்தான். பஸ் ஸ்டாப் பக்கம் இஸ்திரி போடும் ரங்கையா மழைக்காலத்துக்கென்று மூட்டை மூட்டையாகக் கரி வாங்கி வைப்பவர்.

அதற்குள் கன்னிகா தகடுகளைக் கழற்றி ஒரு பெரிய வளையத்தைப் பல சின்ன வளையங்களாக ஆக்கினாள். கூட்டம் சின்னதாக இருந்தால் நசுங்குவது குறையும். வீட்டிலிருந்த போர்வை, ஜமுக்காளம், புடவை எல்லாவற்றையும் கொண்டுவந்து, காற்று வரும் பக்கத்துப் படுதாவின் மேல் சுனிலும் டிரைவரும் கட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தாட்சாயணி சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள். மழையால் வேலை நின்றிருந்தது. கன்னிகா நடந்ததைச் சொன்னாள்.

“கரியப் போட இன்னாத்த வச்சிக்கினு இருக்கற?”

“தெரிலக்கா. வூட்ல ரெண்டு பானைதான் இருக்குது.”

“இரு, வரேன்” என்று போனவள் சிமெண்ட் அள்ளும் இரும்புச் சட்டிகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அந்த நேரத்தில் பாதையின் முனையில் ஒரு காட்சி தெரிந்தது. ரங்கையாவின் தள்ளுவண்டி! மேலே தார்ப்பாய், பக்கவாட்டில் கரிமூட்டைகள், நடுவில் ஒரு தகர டின்னில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த நெருப்பு. முன்னால் ரங்கையா இழுக்க, பின்னால் தீனா தள்ளிக்கொண்டு வந்தான்.

“அம்மாயி! பொக்குலு இதிகோ!” என்று தூரத்திலிருந்தே தெலுங்கில் கூவினார் ரங்கையா. “கரி கேட்டே, நெருப்போடவே கொண்டாந்துட்டேன் பாரு!”

கன்னிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பேச நேரமில்லை. புகை போகும்வரை வெளியே விசிறி, கரி சிவந்த பிறகே சட்டியை உள்ளே கொண்டுபோனார்கள். உமியை விலக்கி, செங்கல் அடுக்கி, அதன் மேல் சட்டி வைத்து, குஞ்சு கிட்டே போகாமல் சுற்றிலும் கம்பி வலை நிறுத்தினார்கள்.

“படுதாவ மேல ஒரு முழம் திறந்து வைங்க” என்று எச்சரித்தார் சுனில். “கரிக்காத்து உள்ளயே தங்கினா குஞ்சும் போயிடும், நாமளும் போயிடுவோம்.”

முதல் சட்டி, இரண்டாவது சட்டி, மூன்றாவது... அவர்கள் ஓடினார்கள். தாட்சாயணி விசிற, ரங்கையா கரி கொட்ட, தீனா சட்டியைத் தூக்க, கன்னிகா ஒவ்வொரு வளையமாக நுழைந்து கும்பலைக் கலைத்துவிட்டாள்.

கடைசிச் சட்டி வைத்துச் சற்று நேரம் ஆனது. ஒரு குஞ்சு குவியலிலிருந்து இறங்கி நடந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. பிறகு பத்து, இருபது. உமியின் மேல் சாமந்தியை இறைத்த மாதிரி மெல்லப் பரவின. அலறல் அடங்கி, கிசுகிசு என்று பேச்சு மாதிரி ஒரு சத்தம் எழுந்தது.

“காலத் தொட்டுப் பாருங்கம்மா. கன்னத்துல வச்சுப் பாருங்க. கால் சூடா இருந்தா குஞ்சுக்குக் குளிர் விட்டுடுச்சின்னு அர்த்தம்” என்றார் சுனில்.

அவள் ஒன்றை எடுத்து அதன் கால்களைத் தன் கன்னத்தில் வைத்தாள்.

“சுடுதுங்க! கால் சுடுது!”

தாட்சாயணி கைதட்டினாள். ஆளுக்கொரு குஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரங்கையா முகமெல்லாம் கரியோடு, “ஒச்சிந்தி, ஒச்சிந்தி, சூடு வந்துடுச்சி!” என்று குழந்தை மாதிரி குதித்தார்.

பாலத்தில் தண்ணீர் வடியாததால் சுனிலும் டிரைவரும் அங்கேயே தங்கினார்கள். அன்றிரவு கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் தயாராயின.

“களி துன்னுவீங்களா சார்?” என்று தயங்கினாள் கன்னிகா.

“இந்தக் குளிருக்கு அதவிட வேற இன்னாம்மா வேணும்!” என்று இரண்டாவது உருண்டைக்குத் தட்டை நீட்டினார் சுனில். முறை வைத்துக்கொண்டு கரி மாற்றினார்கள். மறுநாள் மதியம் கரண்ட் வந்தபோது, பல்பு எரிவதை முதலில் யாரும் கவனிக்கவேயில்லை.

சில குஞ்சுகள் செத்துத்தான் போயின. அவற்றைக் கன்னிகா மாமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். மற்றவை வளர்ந்தன. பொங்கல் கழிந்து ஏற்ற வந்த லாரிக்காரர்கள், எடை நன்றாக ஏறியிருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கொட்டகை காலியான அன்று தீனா சொன்னான்: “பனி போவட்டும் கன்னிகா. அடுத்தத மாசிக்கு அப்பால எறக்கலாம்.”

கன்னிகா துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். “இன்னாத்துக்கு? புயல்லயே பாத்தாச்சி. வர்ற வாரமே அனுப்புங்கன்னு சுனில் சாருக்கு போன் போட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பழைய உமியைக் கூட்டித் தள்ள ஆரம்பித்தாள்.