ஒஸ்கார்ஸ்போர்க் கோட்டைக்குச் சகலனோடு

2006 யூலை, ஞாயிறு காலை பத்து மணி. ஒஸ்லோவை ஒட்டிய எங்கள் லோறென்ஸ்கூக்கில் காரை எடுத்தேன். பக்கத்தில் என் சகலன், பின்னால் மனைவி வாணியும் பன்னிரண்டு வயது மகள் சிந்துவும், அவர்களுக்கு நடுவில் புட்டுச் சட்டியும்.

சகலன் நாலு வருடத்துக்கு முன் ஒஸ்லோவை விட்டு இங்கிலாந்தின் கென்ற் பக்கம் குடிபோனவர். இப்போது தனியாக வந்திருப்பது எங்களையும் அங்கே பெயர்த்துக்கொண்டு போக. ஆங்கிலப் படிப்பு, கோயில், சொந்தபந்தம் என்று ஒரு கிழமையாக ஓதியதில் வாணி முக்கால்வாசி மனம் மாறிவிட்டாள். எனக்கோ இந்த ஊரை விட மனமே இல்லை. கடைசியாக அவர் கோட்டைக் கதையை எடுத்துவிட்டார்.

"டோவர், டீல், வால்மர் எண்டு கரை முழுக்கக் கோட்டை. இஞ்சை ஒஸ்லோவிலை ஒண்டு கிடக்கு, அவ்வளவுதான்."

அந்த ரோசத்தில்தான் இந்தப் பயணம். நாற்பத்தைந்து கிலோமீட்டர் தெற்கே துறோபாக் என்ற கரையோர ஊர். அங்கிருந்து சின்னப் படகில் சில நிமிடத்தில் ஒஸ்கார்ஸ்போர்க் தீவு. இறங்கியதும் எனக்கே ஏமாற்றம். அரைவட்டமாகக் குந்தியிருக்கும் கல்மதில். உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"இது கோட்டையோ, தம்பி? டோவரிலை குதிரை கட்டின இடம் இதைவிடப் பெரிசு," என்றார் சகலன்.

பழைய பீரங்கி ஒன்றின் அருகே புட்டுச் சட்டியைத் திறந்தோம். 1940 ஏப்ரலில் ஒஸ்லோவைப் பிடிக்க வந்த ஜெர்மன் போர்க்கப்பலைச் சுட்ட பீரங்கிகள் இங்கேதான் நிற்கின்றன. அவற்றைச் செய்து விற்றதும் ஜெர்மன்காரன்தான். நான் கதையைத் தொடங்குமுன் சிந்து முந்திக்கொண்டாள்.

"பெரியப்பா, எங்களிட்டை ஆக்கள் காணாது. சமையல்காரரையும் கூப்பிட்டுத்தான் சுட்டனாங்கள். பிறகு டொர்பீடோ விட்டுக் கப்பலைத் தாட்டிட்டம். அதாலைதான் எங்கடை கொங்கன் தப்பினவர்." அரசரைத்தான் சொல்கிறாள்.

சகலன் சிரித்தார். "நீங்களோ சுட்டது? உன்ரை கொப்பர் நோர்வேக்கு வந்ததே எண்பத்தேழிலை."

"அது பரவாயில்லை," என்றாள் சிந்து, மீன்பொரியலைக் கடித்தபடி.

வாணி மகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உங்கடை ரூபனும் இஞ்சை பிறந்த பிள்ளைதானே, அத்தான். அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?"

சகலன் கடலைப் பார்த்தார். "மகனைக் கூட்டியந்தால் திரும்பிப் போக பிளேன் ஏறமாட்டான், வாணி."

வாணி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள்.

திரும்பும் படகில் இங்கிலாந்துக் கதையை யாரும் எடுக்கவில்லை. வென்றுவிட்ட சந்தோசம் எனக்கு வந்திருக்கவேண்டும். வந்ததோ அவர்மேல் இரக்கம். துறோபாக் கரை கிட்டும்போது சகலன் என் பக்கம் சாய்ந்து, வாணிக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டார்:

"தம்பி, லோறென்ஸ்கூக்கிலை இப்ப வீடு என்ன விலை போகுது?"