திரும்பிப் பார்க்காத நர்ஸம்மா

குற்றாலத்து மலையடியில், பளியர் பழங்குடிக் குடியிருப்பின் அங்கன்வாடியில் சமையல் எனக்கு. மாதம் ஒருமுறை வரும் நர்ஸம்மா தடித்த கண்ணாடிக்காரர். வயசுப் பெண்களிடம் பேசும்போது அவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

“முகத்தப் பாத்தா வாயத் தொறக்க மாட்டாளுவ மைனி” என்பார் என்னிடம்.

ஒருநாள் அவருக்குப் பின்னால் இருந்த பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “அக்கா, மறைவான எடத்துல புண்ணு வந்தா கல்யாணம் நின்னுருமா?”



“முள்ளு குத்துனா காலையா ஏசுவாவ? முள்ள எடுத்தாப் போச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாட்டி” என்றார் நர்ஸம்மா, திரும்பாமலே.

மறுநாள் கேட்டவள் மட்டும் தனியாக வரவில்லை. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்தே வந்தார்கள். நர்ஸம்மா ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

துணைக்குப் போயிருந்த நான், “எவ அது?” என்று மெல்லக் கேட்டேன்.

“நாந்தான் திரும்பியே பாக்கலையே மைனி” என்றார்.

அந்தப் புண்ணைப் பார்த்து மருந்து கொடுத்ததும் அவர்தான்.