யூதாசுக்கு விழுந்த விசில்

உவரிக்கு வடக்கே, நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். தவக்காலத்தின் கடைசி வாரத்தில் ஆண்டவரின் பாடுகளை மூன்று சாயங்காலம் நாடகமாக நடிப்போம். பாஸ்கு என்று அதற்குப் பெயர். ஆண்டவராக நிற்பதற்கு ஆள் அடித்துப்பிடித்துக்கொண்டு வருவார்கள். யூதாசாக நிற்க மட்டும் ஒருவரும் வரமாட்டார்கள். அந்த வேஷத்தை இருபத்தொரு வருடம் விடாமல் கட்டியவன் இன்னாசி.

வேஷம் இல்லாத நாளில் அவனைப் பார்த்தால் யூதாஸ் என்று யாரும் சொல்லமுடியாது. கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். ஆள் நெடுநெடுவென்று இருப்பான், குரல் மட்டும் எழும்பவே எழும்பாது. வலையில் ஆமை மாட்டினால் தன் வலையை அறுத்து ஆமையை விடுவான். கூட வருகிறவன் அதற்காக ஏசினால் "சரிவே, சரிவே" என்று சொல்லி அறுந்த கண்ணியை முடிய உட்கார்ந்துவிடுவான்.

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் யூதாசின் நாள். அவன் தூக்கில் தொங்கியதும் திரை விழும். பிறகு அந்த வேஷத்தோடே கூட்டத்தின் நடுவே இறங்கி, கடற்கரைக்கு நடந்துபோய்க் கடலில் முங்கி எழவேண்டும். முங்கி எழுந்தால்தான் அவன் திரும்பவும் இன்னாசி. அதுவரை அவன் யூதாஸ். போகிற வழியெல்லாம் சனம் மண்ணை வாரி எறியும், வாய்க்கு வந்தபடி ஏசும். "கூட இருந்து தின்னுட்டுக் காட்டிக்குடுத்தியே, நீ வெளங்குவியாலே?" என்று கிழவிகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த ஏச்சு அன்றோடு தீர்ந்துபோவதும் இல்லை. வருடம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் அவனைக் கண்டால் ஓடும். புதுக் கட்டுமரம் கடலில் இறக்குகிற வீட்டில் அவனைக் கூப்பிடமாட்டார்கள்.

எதற்காக இதை ஏற்றான் என்பது அவனையும் அவன் பெண்சாதி பவுலினையும் விட்டால் இத்தனை வருடமும் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கோயில்பிள்ளை. கோயிலில் மணி அடித்து விளக்கேற்றுகிறவன். எழுபத்தெட்டாம் வருடம் தவக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், திரி ஏற்ற உள்ளே போனேன். அந்தோனியார் பீடத்தின் முன்னால் இன்னாசி முழங்காலில் நின்றுகொண்டிருந்தான். அவர்களுக்கு ஒரே பிள்ளை, அலெக்ஸ். மூன்று வயது. காய்ச்சலில் வாய் கோணி, பாளையங்கோட்டை வரை கொண்டுபோயும் டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"அந்தோனியாரே, ஒருத்தரும் நிக்காத வேசத்துல நான் நிக்கேன். இருவத்தோரு வருசம் ஊரு என்னைய ஏசட்டும். அந்த ஏச்ச எடுத்துக்கிட்டு இவன் உசிர எனக்கு விட்டுரும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். திரும்பிப் பார்த்தால் நான் நிற்கிறேன். நேர்ச்சையை வெளியே சொன்னால் அது செல்லாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "ஒம்ம கால்ல விழுதேன்" என்று கும்பிட்டான். அதனால் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. நேர்ச்சை போன வருடத்தோடு முடிந்துவிட்டது. அலெக்சுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டான். "எழுதும்" என்று இன்னாசியே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். வளர்ந்து அப்பனோடு கடலுக்கும் போனான். பதினெட்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஏச்சு விழுந்தது. பத்தொன்பதாம் வருடம், தொண்ணூற்றாறில், திருநெல்வேலிக்கு அந்தப் படம் வந்தது.

வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். திசையன்விளை பஸ் நிலையச் சுவர்வரை போஸ்டர் ஒட்டியிருந்தது. தவக்காலம் என்றும் பார்க்காமல் அலெக்சும் அவன் கூட்டாளிகளும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்த நாளிலிருந்து கடற்கரையில் ஒரே ஆட்டம். ஒருத்தன் தோளை இன்னொருத்தன் தூசி தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு தட்டுவான். "வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று குழைவாகக் கேட்பான். உடனே மற்றவன் செத்து விழுவான். எல்லோரும் விசிலடிப்பார்கள்.

"அது யாருலே?" என்று இன்னாசி கேட்டான்.

"தகரமூஞ்சிப்பா. வில்லன். என்னமா செய்யுதாங்கீரு! ஈரோ வந்தா நமக்கு எரிச்சலா வருது. எப்பம்லே இவன் போவான், தகரமூஞ்சி வருவான்னு இருக்கு." சொல்லிவிட்டு அலெக்ஸ் அப்பன் தோளில் இரண்டு தட்டு தட்டினான். "அப்பா, பாஸ்குல முத்தம் குடுக்கதுக்கு முன்னால ஆண்டவர் தோள்ல இப்படித் தட்டும். சனம் அதிரும்."

ஒத்திகை நடத்துகிற அண்ணாவி தொம்மைக்கும் அது பிடித்துவிட்டது. "நல்லாத்தாம்வே இருக்கும். பயலுவளும் ஒக்காந்து பாப்பானுவ" என்றார்.

"ஆண்டவர் மேல வெளையாட்டுக் கை வைக்க மாட்டேன்" என்றான் இன்னாசி. அவன் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த வாரமே என்னிடம் வந்து, "வே, அந்தப் படத்த நான் பாக்கணும். தொணைக்கு வாரும்" என்றான். தவக்காலத்தில் சினிமாவா என்று எனக்கு உடம்பு கூசியது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனேன்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டர். மத்தியானக் காட்சி. படம் முழுக்க ஒரே இருட்டும் மழையும்தான். கறுப்பு உடுப்பும் முகமூடியும் போட்ட ஒருவன் மாடிக்கு மாடி தாவி ஊரைக் காப்பாற்றுகிறான். அவன்தான் கதாநாயகன். தகரமூஞ்சி என்பவன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். முதலாளி வைத்த தீயில் முகம் வெந்து, தகரத்தில் முகம் செய்து மாட்டிக்கொண்டு ஊரைப் பழிவாங்குகிறான். அவன் வருவதற்கு முன்னாலேயே கொட்டகை எழும்பிவிடும். காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள். அவன் ஒரு தாயையும் பிள்ளையையும் பாலத்தின் மேல் நிறுத்தித் தோளைத் தட்டியபோது, முன்வரிசையே பெஞ்சில் ஏறி நின்று கத்தியது: "சௌக்கியமா?"

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இன்னாசி படத்தைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிச் சனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்களுக்கு முந்தின வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மகளோடு வந்திருந்தார். வாத்தியார் மாதிரி இருந்தது. இடைவேளையில் இன்னாசி அவரிடம் பைய கேட்டான்:

"அண்ணாச்சி, அந்தத் தகரமூஞ்சி கெட்டவன்தான?"

"கெட்டவன்தான், வேற என்ன?"

"அப்பம் ஏன் எல்லாரும் கை தட்டுதாவ?"

அவர் சிரித்தார். "அவன் சலிக்க மாட்டேங்குதான்லா! மத்தவன் நல்லவன், நல்லவன்னே பேசிக் கழுத்த அறுக்கான். பெறகு பாத்தேருன்னா, அவன் மூஞ்சிய முதலாளிதான சுட்டான்? அவன் செய்யுததுல ஒரு நியாயம் இருக்குங்கேன்."

பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவன், "ஈரோவ வீட்டுக்கு அனுப்பிட்டு இவன மட்டும் வச்சுப் படம் எடுத்தா இன்னொரு மட்டம் பாக்கலாம் அண்ணாச்சி" என்றான். அந்த வரிசையே சிரித்தது.

அவர் மகளுக்கு ஆறேழு வயது இருக்கும். அனு என்று கூப்பிட்டார். அது மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, வீட்டுக்குப் போவோம். அவன் வேண்டாம்ப்பா" என்று அழுதது. "இதுக்குத்தான் ஒன்னையக் கூட்டிட்டு வரமாட்டேன்னேன்" என்று அவர் அதட்டினார். இன்னாசி தன் பையிலிருந்த கருப்பட்டி மிட்டாயை எடுத்து அந்தப் பிள்ளை கையில் வைத்தான். அவனைப் பார்த்துப் பயப்படாத ஒரு பிள்ளை. வாங்கிக்கொண்டது.

படம் முடிந்து ஆற்றுப்பாலம் வரை நடந்தோம். பாலத்துக்குக் கீழே இறங்கித் தாமிரபரணியில் முகம் கழுவினான். கழுவிக்கொண்டே கேட்டான்:

"வே, உள்ள எத்தன பேரு இருந்திருப்பாவ?"

"ஐநூறு இருக்கும்."

"ஐநூறு பேருல ஒருத்தர் அவன ஏசலையே. கெட்டவன்னு எல்லாருக்கும் தெரியுது. தெரிஞ்சும் ஏச மாட்டேங்காவளே." துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "நம்ம ஊர்லயும் இப்படி ஆயிட்டுன்னா, நான் அந்தோனியாருக்கு என்னத்தக் குடுப்பேன்? இன்னும் மூணு வருசம் கெடக்கு. எம்புள்ளைய எதச் சொல்லிக் கேப்பேன்?"

மறுநாள் இரண்டு பேரும் பங்குச் சாமியாரிடம் போய், தவக்காலத்தில் சினிமா பார்த்த பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தோம். அவர் ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். இன்னாசி அன்றாடம் சொன்னான்.

பாஸ்குவின் இரண்டாம் நாள் வந்தது. சூரியன் இறங்குகிற நேரம். ஒலிவத் தோட்டக் காட்சி. சேவகர்கள் தீவட்டியோடு நிற்கிறார்கள். ஆண்டவராக நின்றவன் தொம்மை அண்ணாவியின் மருமகன். வெள்ளை அங்கி. யூதாஸ் மேடையின் மூலையிலிருந்து நடக்கத் தொடங்கினான். அலெக்சின் கூட்டம் தரையில் முன்னால் உட்கார்ந்திருந்தது. "தட்டும் மாமா! தோளத் தட்டும்!" என்று ஒருவன் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னாசி அதைக் காதில் வாங்காமல் கையை இடுப்புக்கு மேல் தூக்காமலே நடந்துவந்தான்.

அந்த நேரம் கடல்காற்று ஒரு வீச்சு வீசியது. சேவகன் கையிலிருந்த தீவட்டியிலிருந்து ஒரு பொறி பறந்து, ஆண்டவரின் தோளில், வெள்ளை அங்கியின் மேல் விழுந்தது. பக்கவாட்டில் நின்ற நான் பார்த்தேன். இன்னாசியும் பார்த்தான். அங்கி பற்றிவிடுமே என்று சட்டென்று கையை நீட்டித் தட்டினான். ஒரு தட்டில் அணையவில்லை. இன்னொன்றும் தட்டினான்.

பொறி விழுந்தது கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. தட்டியது மட்டும்தான் தெரிந்தது. மூன்று தெருச் சனமும் ஒரே மூச்சில் எழும்பியது. விசிலில் என் காது அடைத்துப்போனது. துண்டுகள் மேலே பறந்தன. "சௌக்கியமா?" என்று படம் பார்க்காத சிறுவர்கள்கூடக் கத்தினார்கள். தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான் இன்னாசி. முத்தம் கொடுக்கப் பின்னாலிருந்து அண்ணாவி இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. தூக்கில் தொங்கும்போதும் கைதட்டல்தான்.

திரை விழுந்ததும் அவன் கீழே இறங்கினான். மண்ணை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பையன்கள் ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தூக்கியவர்களில் அலெக்சும் ஒருவன்.

"எறக்குங்கலே! எறக்கி விடுங்க, கும்பிடுதேன். ஏசுங்கலே என்னைய!" அவன் குரல் அன்றைக்குத்தான் எழும்பியது.

"மாமா இன்னும் நடிக்காருடே!" என்றான் ஒருவன். சிரிப்பு இன்னும் கூடியது. பெண்கள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஏசுவதற்காகவே வருகிற கிழவிகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கி நின்றார்கள். தோளிலேயே வைத்துக் கடற்கரைவரை கொண்டுபோனார்கள். இன்னும் பத்தடி போனால் கடல். முங்கிவிட்டால் அந்த வருடம் முடிந்தது. ஒரு ஏச்சு இல்லை.

பவுலின் பதினெட்டு வருடமும் யூதாசின் நாளன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பவள். புருஷனை ஊர் ஏசுவதைக் கேட்க அவளால் முடியாது. அன்று கூப்பாட்டின் தொனி மாறியிருப்பது அவளுக்குக் கேட்டிருக்கிறது. எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. கடலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. இரண்டு கையாலும் ஈரமண்ணை வாரி இன்னாசியின் முகத்தில் எறிந்தாள்.

"பாவி! நீ நல்லா இருப்பியா? ஒங்கூட வாழ்ந்த பாவத்துக்கு நான் எந்தக் கடல்ல போயி முங்குவேன்? ஒன் வாயில மண்ணு விழ! நீ பெத்தது..." அதற்கு மேல் சொல்லாமல் வாயைக் கடித்துக்கொண்டாள். பிள்ளையைச் சேர்த்து ஏச அவளுக்கு நாக்கு வரவில்லை. திரும்பவும் குனிந்து மண்ணை அள்ளினாள். எறிந்தாள். அள்ளினாள்.

கூட்டம் அடங்கிவிட்டது. பையன்கள் அவனைக் கீழே விட்டார்கள். வேஷத்தை ஏசுவதற்கும் மனுஷனை ஏசுவதற்கும் எங்கள் சனத்துக்கு வித்தியாசம் தெரியும். பவுலின் ஏசியது வேஷத்தை என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. இன்னாசி மண் ஒழுகுகிற முகத்தோடு அவளைப் பார்த்தான். பிறகு கடலில் இறங்கி முங்கினான்.

"ஏம்மா, ஒனக்கு என்ன கிறுக்கா? ஊருக்கு முன்னால அப்பாவ இப்படியா ஏசுவ?" என்று அலெக்ஸ் அவள் கையைப் பிடித்தான். பவுலின் வாய் திறக்கவில்லை. திறந்தால் நேர்ச்சை போய்விடும். கையை உதறிவிட்டு நடந்தாள். பின்னாலேயே போன என்னிடம் மட்டும், கோயில் சுவர் மறைவில் நின்று கேட்டாள்.

"அண்ணே, நான் மனசு வச்சு ஏசல. அது ஏச்சுல சேருமா?"

"எனக்குத் தெரியலையே தாயி" என்றேன். சாமியாரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அதையும் வெளியே சொன்னதாக ஆகிவிடுமோ என்று கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அலெக்ஸ் தாயோடு பேசவில்லை. உயிர்ப்புத் திருநாளுக்கு அவள் ஆக்கி வைத்த கறிச்சோற்றை விட்டுவிட்டுக் கூட்டாளி வீட்டில் போய்ச் சாப்பிட்டான். புருஷனை நாலு பேர் நடுவில் மானங்கெடுத்தவள் என்று ஊரும் பேசியது. அடுத்த இரண்டு வருடமும் விசில் இல்லை. பவுலின் ஏசியது மனசில் உறுத்த, பையன்கள் தள்ளி நின்றார்கள். கிழவிகள் பழையபடி மண் எறிந்தார்கள். ஆனால் வீட்டில் அலெக்ஸ் பேசவில்லை. இன்னாசி அவனிடம் நேர்ச்சையைச் சொல்ல வாயெடுப்பான், பவுலின் கண்ணால் தடுத்துவிடுவாள்.

அந்த நாட்களில் ஒரு விடியற்காலை மணி அடித்துவிட்டு அவர்கள் வீட்டு வழியாகப் போனேன். அலெக்ஸ் அப்போதுதான் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் நீட்டிய கஞ்சித் தூக்குச்சட்டியை வாங்காமல் கட்டுமரத்துக்குப் போனான். வாசலில் சட்டியோடு நின்றாள் பவுலின்.

"எத்தன நாளைக்கும்மா இது?" என்றேன்.

அவள் அவன் போன பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பேசாட்டா போறாம்ண்ணே. போயிட்டுத் திரும்பி வாரான்லா."