ஏசினால் ஐஸ் கட்டாது

ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். உப்புநீர்த் தொட்டியில் இறக்கியிருந்த ஐஸ் அச்சுகள் நாற்பத்தெட்டு. பாப்பாமோட்டையிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் வாசலிலேயே காலை ஊன்றி நின்று, "உங்கட செல்வராஜ் மோசம் போயிட்டார்" என்றார்.

"ஆர் செய்தது?" என்று கேட்டேன். இந்தக் காலத்தில் முதலில் அதைத்தான் கேட்கிறோம்.

"ஒருத்தரும் செய்யேல்லைத் தம்பி. நித்திரையிலதான். மனிசி தேத்தண்ணியோட போய் எழுப்பினவ, எழும்பேல்லை. நெஞ்சு வருத்தமாம்."

"அப்பாடா" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மனிதர் சொந்தப் பாயில் செத்திருக்கிறார். உடல் வீட்டில் இருக்கிறது. அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா போட்டோவைத் தூக்கிக்கொண்டு இராணுவ முகாம் முகாமாக அலையத் தேவையில்லை. ஐம்பதைக்கூடத் தொடாத ஆளுக்கு இது நியாயமான சாவு இல்லைதான். ஆனால் எங்களுக்குப் பழக்கமான சாவுகளோடு வைத்துப் பார்த்தால், என் வாயில் வந்த சொல் சரியானது.

இந்த நினைவுக்குறிப்பை வாசிப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் தேவாலயப் பாதரின் சனிக்கிழமை ஸ்பானிய வகுப்பில் செல்வராஜ் அண்ணனுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள். முதல் கூட்டத்துக்கு அவரை வேலையாளாகத் தெரியும், இரண்டாவது கூட்டத்துக்கு மக்கு மாணவனாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

செல்வராஜ் அண்ணனின் குடும்பம் மலையகத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து பாப்பாமோட்டையில் குடியேறியது. வயல் கூலிக்குப் போனார், பிறகு பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு வந்து ஐஸ் தூக்கினார். நான் தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழோடு மெக்கானிக்காக வந்து சேர்ந்தபோது அவரை எனக்கு உதவியாளாகக் கொடுத்தார்கள். அந்த நேரம் இராணுவத் தடையால் உதிரிப்பாகம் எதுவும் வவுனியா தாண்டி வராது. ஆகவே செத்துக் கிடந்த மூன்று மெஷின்களைக் கழற்றி ஒரு கொம்பிரசர் கட்டினேன். உடம்பு ஒன்றினது, பிஸ்டன் இன்னொன்றினது, வால்வுகள் மூன்றாவதினது. முதல் நாள் அது ஓடவில்லை. வாயில் வந்தபடி திட்டினேன். அண்ணன் ஸ்பனரைத் துடைத்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏசினா ஐஸ் கட்டாது தம்பி."

பிறகு இந்த வசனத்தை வாரம் ஒரு தடவையாவது சொன்னார். எனக்கு எரிச்சலாக இருக்கும். அது அவருக்கும் தெரியும்.

ஸ்பானிய மீன்பிடிக் கப்பல்களுக்கு எஞ்சின் அறை ஆட்கள் எடுக்கிறார்கள், நேர்முகத்தில் அந்தப் பாஷை கொஞ்சம் பேசினால் முன்னுரிமை என்று கொழும்பு ஏஜென்ட் சொல்லியனுப்பியபோது, இருவரும் பாதரின் வகுப்பில் சேர்ந்தோம். எனக்குச் சம்பளம் கண்ணில் தெரிந்தது. அவருக்கு வேறு கணக்கு. "நடுக்கடல்ல யாரு தம்பி அடையாள அட்டை கேக்கப்போறான்?" என்றார்.

ஒழுங்கான வினைகள் வரைக்கும் சமாளித்தார். 'போ' என்ற வினை வந்ததும் நின்றுவிட்டார். ஸ்பானியத்தில் நிகழ்காலத்துக்குப் 'போய், பாஸ், பா'. இறந்தகாலத்துக்கு 'ஃபுயி'. எதிர்காலத்துக்கு 'இரே'. ஒன்றுக்கொன்று முகச்சாயலே கிடையாது. நிகழ்காலத்தை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார். "போய்னா நம்ம போய். பாஸ்னா நமக்கு ஆமிக்காரன் குடுக்கிற பாஸ். பாஸ் இல்லாம எங்க போறது?" வகுப்பே சிரித்தது.

எதிர்காலத்தில்தான் சண்டை. 'இரே' என்று சொல்லவே மாட்டார். "போறதுக்குப் போய் இரு இருங்கிறானே, இவனுக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டு, போயிரே, போயிராஸ், போயிரா என்று தானாகவே ஒரு வரிசை கட்டிக்கொண்டார். எத்தனை தரம் திருத்தினாலும் அதற்கே திரும்பி வருவார்.

ஒருநாள் பொறுமை கெட்டுக் கத்தினேன். "அண்ணை, இது பழுதான வினை. மூண்டு பழைய வினையைக் கழட்டி ஒண்டாப் பூட்டியிருக்கிறாங்கள். பாகம் ஒண்டுக்கொண்டு பொருந்தாது. அப்பிடியே பாடமாக்குங்கோ."

பென்சிலைக் கீழே வைத்தார். "நம்ம கொம்பிரசர் மாதிரியா?"

"ஓம்."

"அப்ப பழுதுன்னு சொல்லாதீங்க. ஓடுதுல்ல."

ஆனாலும் மறுநாள் தன் கடதாசியில் 'போயிரே' என்றுதான் எழுதிவைத்தார். தமிழ் எழுத்தில், பெரிதாக.

அந்தக் கடதாசிதான் பாலத்துச் சோதனைச் சாவடியில் அவருடைய சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. வகுப்பு முடிந்து அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தோம். தமிழ் வாசிக்கத் தெரிந்த சிப்பாய் ஒருவன் எழுத்துக்கூட்டி வாசித்தான், முகம் மாறியது, உள்ளே கொண்டுபோனான். ஓர் அதிகாரி வந்தார். தமிழ் ஓரளவு பேசுவார்.

"எழுத்து தமிழ். ஆனா தமிழ் இல்லை. என்ன இது?"

"ஸ்பானிஷ், சேர்" என்றேன்.

ஒவ்வொன்றாக விரல் வைத்தார். "இது?" "போறன்." "இது?" "போனன்." "இது?" "போவன்."

"எல்லாம் போறது. ஒண்டும் ஒண்டு மாதிரி இல்லை." நிமிர்ந்து பார்த்தார். "எங்க போறது?"

அந்தக் கேள்விக்குச் சாவடியில் நல்ல பதில் கிடையாது. கப்பல் என்றோம். அவர் நம்பவில்லை. எங்களைத் தனித்தனி அறையில் இருத்தச் சொன்னார். கடதாசியைத் தானே வைத்துக்கொண்டார். பாஷை என்றால் இரண்டு பேருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும் என்றார். ஒத்துவராவிட்டால் பின்னேர டிரக்கில் முகாமுக்கு. முகாமுக்குப் போய்த் திரும்பாத இரண்டு பேரை எனக்கு நேரடியாகத் தெரியும்.

கதிரையில் இருந்தபடி கணக்குப் போட்டேன். அண்ணன் 'போயிரே' என்றுதான் சொல்வார், செத்தாலும் மாற்றமாட்டார். நான் 'இரே' என்றால் இரண்டும் ஒத்துவராது. பிழையென்று தெரிந்த ஒன்றை வாயால் சொல்வது எனக்குப் பல்லுப் பிடுங்குகிற மாதிரி. ஆனாலும் அதிகாரி வந்து கேட்டபோது, போயிரே, போயிராஸ், போயிரா என்று வெட்கத்தில் முணுமுணுப்பாக ஒப்புவித்தேன். கடதாசியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மற்ற அறைக்குப் போனார்.

சுவர் வெறும் பலகைதான். அண்ணனின் குரல் தெளிவாகக் கேட்டது. போய், பாஸ், பா. ஃபுயி, ஃபுயிஸ்தே. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, "இரே, இராஸ், இரா" என்றார்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

இருவரையும் ஒன்றாக நிறுத்தினார்கள். அதிகாரி அண்ணனிடம் கடதாசியைக் காட்டினார். "உன்ட கையெழுத்து. நீ வேற சொல்றாய். இவன் இதில உள்ளதைச் சொல்றான். ஏன்?"

"நான் எழுதினது தப்பு சேர். தம்பி எப்பவும் கரெக்டாத்தான் சொல்லும். அது கரெக்டாச் சொல்லி நான் தப்பாச் சொன்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம்னு..."

"நீ?" என்று என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை பிழையாத்தான் சொல்லுவார் எண்டு நானும் பிழையாச் சொன்னன், சேர்."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிங்களத்தில் சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

"ரகசியப் பாஷையை ஒருத்தனும் இவ்வளவு மோசமாப் பாடமாக்க மாட்டான்" என்றார் அதிகாரி. "போங்க."

அடையாள அட்டைகளைத் தந்தார். கடதாசியைத் தரவில்லை.

பாலம் தாண்டினோம். பிறகு நான் வெடித்தேன். "உங்களுக்கு அறிவிருக்கோ? ஒரு மாசமாச் சொல்லாததை இண்டைக்கா சொல்லுறது?"

"நீங்க ஏன் தம்பி என்னோட தப்பை எடுத்தீங்க? அது என்னோடது."

"டிரக்கில ஏத்தியிருப்பாங்கள் அண்ணை!"

"ஏசுங்க, ஏசுங்க" என்றார். "ஐஸ் கட்டாது."

சைக்கிளை நிறுத்திவிட்டு, வெயிலில், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். வீட்டுக்குப் போனபோது சோறு ஆறிப்போயிருந்தது. பரமேஸ்வரி அக்கா எங்கே சுணங்கினீர்கள் என்று கேட்டார். "ஒரு சின்னப் பரீட்சை. ரெண்டு பேரும் பெயில், ஆனா விட்டுட்டாங்க" என்றார் அண்ணன்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது இந்த மாதம்தான். அவருடைய பெயரும் அதில் இருக்கிறது. அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது. மற்றபடி நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்றைத்தான்: அந்தப் பின்னேர டிரக்கில் அவர் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து ஆறின சோற்றைச் சாப்பிட்டார். அதற்குப் பிறகும் தன் பிள்ளைகளோடு இருந்தார். பாயில் படுத்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஐஸ் வசனமும், சரியாக இருப்பதைவிட ஒருவரோடு ஒத்திருப்பது சில நேரம் பெரிது என்ற எண்ணமும். இரண்டாவது எனக்கு இன்னும் முழுதாகச் செமிக்கவில்லை.

இனிச் செய்யப்போவது:

1. கொம்பிரசரில் ஒரு வால்வு தட்டுகிறது. வாயை மூடிக்கொண்டு கழற்றுவேன்.

2. முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் பாப்பாமோட்டை போவேன். போகும்போது சட்டைப் பையில் எந்தக் கடதாசியும் இருக்காது.

3. கொழும்பு நேர்முகத்துக்குப் போவேன். கூட வரவேண்டியவர் எங்கே என்று கேட்டால், வீட்டில் நித்திரையில் செத்தார் என்று தலைநிமிர்ந்து சொல்வேன்.

4. வருகிற சனிக்கிழமை பாதர் எதிர்காலம் கேட்கும்போது, முதலில் 'போயிரே' என்பேன். பாதர் திருத்துவார். அதற்குப் பிறகு சரியானதைச் சொல்வேன்.