முகம் பார்த்துக் கொடுத்த ஹெல்மெட்

பழனி அடிவாரத்தில் சண்முகராஜின் வண்டி ஸ்டாண்டில் ஹெல்மெட் வாங்கி வைக்கும் பாப்பம்மாளுக்கு மனிதர்கள் என்றாலே இளக்காரம். ஹெல்மெட்டை வைக்கிற லட்சணத்தைப் பார்த்தால் தலைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பாள். பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். எந்தத் தலைக்குள்ளும் எதுவும் இருப்பதாக அவளுக்குப் படவில்லை.

ஒருவன் வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டுப் போவான். குரங்கு வந்து உள்ளே இருக்கும் பஞ்சைப் பிய்த்து, மென்று பார்த்துத் துப்பிவிடும். இன்னொருவன் நாடாவை வண்டியோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் பெருமையாகப் போவான். வந்து பார்த்தால் பூட்டும் அறுந்த நாடாவும் பத்திரமாக இருக்கும், ஹெல்மெட் இருக்காது. மழைக்காலத்தில் டேங்க் மேல் மல்லாத்தி வைத்துவிட்டுப் போகிற மகராசனும் உண்டு. அதில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்கும். யாரையும் நம்பாத சிலர் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறுவார்கள்.

"கைப்பிள்ளையத் தூக்கிட்டுப் போறாக பாரு, கூறுகெட்டவக!" என்று அவர்கள் காதில் விழும்படியே சொல்வாள்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் நம்பர் போட்ட ஆணிகள். டோக்கன் கொடுத்து, அதே நம்பர் ஆணியில் ஹெல்மெட்டை மாட்டி, டோக்கனைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சண்முகராஜின் ஏற்பாடு. பாப்பம்மாள் டோக்கன் கொடுப்பாள், நம்பர்ப்படி மாட்டவும் செய்வாள். திரும்பி வாங்கும்போது மட்டும் பார்க்காமல் டப்பாவில் வீசிவிட்டு, முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பாள். அது அவளுடைய கர்வம். மலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி இறங்குகிறவர்களையும் தனக்கு அடையாளம் தெரியும் என்பாள். "மசுருதான போகுது, மூஞ்சி போகலைல்ல!"

போன மாதம் ஒரு பெண்ணுக்கு வேறு ஹெல்மெட் போய்விட்டது. அவள் கூலிங் கிளாஸ் போட்டிருந்ததுதான் தப்பு என்று பாப்பம்மாள் சாதித்தாள். சண்முகராஜ் கேட்கவில்லை. "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா நதியாவ உக்கார வச்சிருவேங்க்கா" என்றான். நதியா அவன் கொழுந்தியாள், ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து போனிலிருந்து கண்ணை எடுக்காதவள். பாப்பம்மாளின் வீட்டில் மருமகள் வைத்ததுதான் சட்டம். பாப்பம்மாளுக்கு முன்னால் நாலு பேர் வந்து காத்து நிற்பது இந்த நாற்காலியில் மட்டும்தான். அதை நதியாவுக்குக் கொடுப்பதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு எரிந்தது.

ஒரு கிருத்திகை நாள். நல்ல கூட்டம். ஒட்டன்சத்திரத்துச் சிவமுருகன் என்கிற ஒல்லி ஆள் மொட்டைத் தலையோடு வந்தான். டோக்கனை வாங்கி வீசிவிட்டு ஒரு கறுப்பு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மாட்டித் தலையைத் திருப்பினால் ஹெல்மெட் திரும்ப மறுத்தது.

"இது என்னோடது இல்லீங்க்கா. என்னோடது இறுக்கமா இருக்கும். மாத்திக் குடுத்துட்டீங்க."

சண்முகராஜ் எழுந்து வந்தான். நதியா போனைத் தாழ்த்தினாள். பாப்பம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஏந்தம்பி, மேல போகையில தலையில என்ன இருந்துச்சு?"

"முடி."

"இப்ப?"

அவன் தடவிப் பார்த்தான். அவள் அவனுடைய தோளில் கிடந்த துண்டை உருவி மொட்டையில் சுற்றி, ஹெல்மெட்டை வைத்து அமுக்கினாள். அசையாமல் நின்றது. "பாத்தியா? சாமிக்கு முடிய மட்டும் குடுத்தியா, உள்ள கெடந்ததையும் சேத்துக் குடுத்துட்டியா?"

ஸ்டாண்டே சிரித்தது. சிவமுருகன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, துண்டோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். "அக்கா இருக்கையில டோக்கனே வேணாம் போல" என்று சண்முகராஜ் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தான்.

அரை மணி நேரம் கழித்து ஆயக்குடிக் கொய்யா வியாபாரி வேலப்பன் இறங்கி வந்தான். பூசணிக்காய் போல பெரிய தலை, அதில் சந்தனம். பாப்பம்மாள் பலகையைப் பார்த்தாள். மிச்சம் இருந்த கறுப்பு ஹெல்மெட் ஒன்றே ஒன்று, பதினேழாம் ஆணியில். ஏதோ உறுத்த, அவனிடம் வாங்கிய டோக்கனை வீசாமல் பார்த்தாள். இருபத்து மூன்று. இருபத்து மூன்றாம் ஆணி வெறுமனே இருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பதினேழை எடுத்துக் கொடுத்தாள். அது வேலப்பனின் காதுக்கு மேலேயே நின்றுகொண்டது.

"சின்னதா இருக்கேக்கா. மொட்ட போட்டா தல பெருக்குமா?"

இரண்டடி தள்ளி சண்முகராஜ் யாருக்கோ துண்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் நதியா இப்போதே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"சந்தனம் காஞ்சா அப்பிடித்தாண்ணே இறுகும்" என்றாள் பாப்பம்மாள். "வீட்டுக்குப் போயி வெந்நியில குளிங்க, சரியாப் போயிரும்."

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான் வேலப்பன். உச்சந்தலையில் அதை நிறுத்தி, நாடாவை இழுத்துப் பிடித்து முடிந்துகொண்டு கிளம்பினான். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது ஹெல்மெட் பின்பக்கம் சரிந்து மொட்டை முழுசாக வெளியே தெரிந்தது.

பாப்பம்மாளுக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது. அந்த மனிதனைத் திட்ட வாய் வரவில்லை. தன்னைத் தானே திட்டி அவளுக்குப் பழக்கமும் இல்லை.