உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

என் கை சும்மா இருக்காது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சாமானை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடவைக்கலாமே என்று நோண்டுகிற கை. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, வீட்டு முன்னறையில் இருந்து சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் போன்றவற்றை ஆங்கிலத்தில் மாற்றி, முத்திரை குத்திக் கொடுப்பதுதான் தொழில். கணினியை அழுத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாலும் அது திறந்திருக்காது. அந்தக் காத்திருப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

புது டிஸ்க் ஒன்று வாங்கினேன். வீடியோ ஒன்றைப் பார்த்துப் பார்த்து, பழைய டிஸ்கில் இருந்த எல்லாவற்றையும் புதியதில் பிரதி பண்ணினேன். மறுநாள் காலை புதியதை உள்ளே பூட்டி அழுத்தினேன். கம்பனிச் சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின, நீலத் திரை ஒன்று மின்னி மறைந்தது. மறுபடி சின்னம், மறுபடி புள்ளிகள். பத்துத் தரம் பார்த்துவிட்டுப் பழைய டிஸ்கையே திரும்பப் பூட்டினேன். முந்தின நாள் வரை நன்றாக ஓடிய டிஸ்க் அது. அதுவும் அதே கூத்தைத்தான் ஆடியது.

அன்றைக்குக் கொடுக்கவேண்டிய வேலை அதற்குள்தான் இருந்தது. வேறிடத்தில் பிரதி வைக்கவில்லையா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அந்த வேலையைத் தந்த பெண் பத்து மணிக்கே ஈச்சிலம்பற்றிலிருந்து வந்துவிட்டார். கணவர் வெளிநாட்டில், ஏழு வருடமாகப் போனில்தான் குடும்பம். அவரிடம் போவதற்கான நேர்முகம் மறுநாள் காலை கொழும்பில். இரவு ரயிலுக்கு டிக்கெட் கையில் இருந்தது. முதலில் கிடைத்த நேர்முகத் திகதி தவறிப்போய்விட்டதாம், ஒரு கடதாசி நேரத்துக்குக் கைக்கு வரவில்லையாம். அடுத்த திகதி கிடைக்கப் பதினொரு மாதம் எடுத்ததாம். என் கணினிக்குள் இருந்தவை ஏழு பத்திரங்கள். மங்கிப்போன கையெழுத்தில் இருந்த ஒன்றை வாசிக்கவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதைத் திரும்பச் செய்ய நேரமில்லை.

என்ன நடந்தது என்று கேட்டார். அவர் முகத்தைப் பாராமல், உப்புக்காற்று என்றேன். இந்த ஊரில் அது ஒரு வசதி. கேற் துருப்பிடித்தாலும், டிவி பழுதானாலும், மோட்டார் சைக்கிள் கிளம்பாவிட்டாலும் கடலைக் கைகாட்டிவிடலாம். கடல் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

கிண்ணியாவில் கணினி திருத்தும், நாங்கள் நானா என்று கூப்பிடும் அண்ணருக்குப் போன் எடுத்தேன். அவர் மூதூரில் ஒரு வேலையில் நின்றார், பொழுதுபட்டுத்தான் வர முடியும் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

"டிஸ்கத் தவிர வேற எதையும் மாத்தினீங்களா, மிஸ்?"

அந்தப் பெண் எதிர்க் கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன்.

பொய். வீடியோவில் சொன்னான் என்று, கணினி எழும்புமுன் வருகிற அமைப்புப் பக்கத்துக்குள் போய், டிஸ்க் எப்படி வேலை செய்யவேண்டும் என்ற இடத்தில் ஒன்றை மாற்றியிருந்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் காசு வாங்கி வேலை செய்கிறவள், வேலை கிடக்கும்போது விளையாடிப் பார்த்தேன் என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வது?

பிறகென்ன, சொன்ன பொய்க்கு ஏற்ற வேலை செய்தேன். பெட்டியைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் உள்ளே இருந்த பித்தளை நுனிகளைத் தேய்த்தேன். ஊதினேன், பூட்டினேன், அழுத்தினேன். சின்னம், புள்ளிகள், இருட்டு. எழும்பினேன், இருந்தேன், வாசலுக்குப் போய் வந்தேன். ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறிப் படை கட்டியது. திரும்பவும் கழற்றினேன். அவர் மட்டும் அசையாமல் இருந்தார். அந்த அமைதி எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மூன்று மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"காத்துக்கு நீங்கள் என்ன செய்யிறது, அக்கா. கடைசி பஸ்ஸப் பிடிச்சு நான் வீட்ட போறன்."

கோபமே இல்லாத குரல். நான் சும்மா இருந்திருந்தால் போதும். அவர் போயிருப்பார், ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்குப் பெரிய ஆறுதல் வந்தது. அடுத்த நொடியே அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாக இருந்தது.

"இருங்கோ தங்கச்சி. உப்புக்காத்து இல்லை. நான்தான் ஒண்டை மாத்தினனான்."

அவர் நின்றபடி பார்த்தார். நான் போனை எடுத்து, அவர் கேட்கவே நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதத்தானே முதல்லயே கேட்டன்," என்றார் நானா. பழைய டிஸ்கை விட்டபடியே, மாற்றியதை முன்பு இருந்த மாதிரி வைக்கச் சொன்னார்.

இரண்டு நிமிட வேலை. சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின. திரை திறந்தது. அவருடைய பத்திரங்கள் ஏழும் இருந்தன. அச்செடுத்து, கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

கேற்றைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"போன முறை கடதாசி தரவேண்டிய ஆக்களும் மிஷின் பழுது எண்டுதான் சொன்னவை, அக்கா. நானும் நம்பித் திரும்பி வந்தனான்."

ரயில் ஸ்ரேசன் பக்கமாக வேகமாக நடந்து போனார். அந்தப் பதினொரு மாதத்துக்கு முன்னால், என்னைப் போல யாரோ ஒருவர் அவர் முகத்தைப் பாராமல் பதில் சொல்லியிருப்பார். கதிரையில் வந்து இருந்தேன். வெகுநேரம் என் கை ஒன்றையும் தொடவில்லை.