வறீதின் வண்டியும் கூரைமேல் பலாப்பழமும்

வறீது லோனப்பனுக்கு இருபத்தாறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். வேன் வாங்கியதில் நின்றுபோன கடைசித் தவணைகள். மே மாதத்துக் கடைசிச் சனிக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் வண்டியை எடுத்துக்கொள்வேன் என்று லோனப்பன் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை முழுக்க வறீது என்னோடுதான் இருந்தான். ஆகவே நடந்ததை என்னைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கினேன். இன்றைக்கு வால்பாறையில் எட்டு அறை விடுதி என் பெயரில் நிற்கிறது. மூணாறு, தேக்கடி, ஆலப்புழை, பிறகு சாலக்குடி வழியாகக் காட்டுக்குள் ஏறி வால்பாறை என்று மலையும் மிருகமும் தண்ணீரும் ஒரே சுற்றில் வருகிற மாதிரி எங்கள் ஊரில் முதலில் யோசித்தவன் நான். இப்போது ஆளுக்கொரு பலகை மாட்டியிருக்கிறார்கள். மாட்டட்டும்.

வறீதையும் நான்தான் கண்டெடுத்தேன். குட்டநாட்டுக்காரன். அவன் அப்பன் கெட்டுவள்ளம் என்கிற பெரிய சரக்குப் படகில் நெல் ஏற்றிக்கொண்டு காயல் காயலாகத் திரிந்தவர். மீசை முளைக்கும் முன்பே வறீதும் கழி ஊன்றத் தொடங்கிவிட்டான். லாரி வந்ததும் வள்ளத்துக்குச் சரக்கு இல்லாமல் போயிற்று. அதே வள்ளத்தின்மேல் அறை கட்டிக் கட்டில் போட்டுப் படகு வீடு என்றார்கள். கூட்டாளிகள் அதிலேயே சமையல், சுக்கான் என்று ஒட்டிக்கொண்டார்கள். வறீது மட்டும் சாலக்குடிப் பெண் ரோஸிலியைக் கட்டிக்கொண்டு கரையேறினான். லாரியில் கிளீனராகப் போனான், ஓட்டக் கற்றான், கடைசியில் லோனப்பனிடம் கடன் வாங்கிச் சொந்த வண்டி வைத்தான்.

அவன் பயந்த சுபாவம். ஏதாவது சத்தம் கேட்டால் வண்டியை ஓரம் கட்டிச் சக்கரத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான். வளைவுக்கு வளைவு கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலையைத் தொடுவான். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். நான் என் விருந்தாளிகளை அவனிடம் மட்டும்தான் ஒப்படைப்பேன். ஆள் பார்ப்பதில் நான் தோற்றதில்லை.

அந்த முறை வந்தவர் பெருந்துறையில் மெஸ் நடத்தும் மயிலாத்தாள். கூட மகளும் மருமகனும். அந்த அம்மாள் ஒரு ரூபாயைக் கையைவிட்டு விடுமுன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பவர். தேக்கடியில் படகேறி யானை பார்க்கப் போனோம். தூரத்தில் நாலு பன்றியும் ஒரு மானும் தெரிந்தன. அதற்கு இவ்வளவு டிக்கெட்டா என்று ஆலப்புழை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். வண்டி வாடகையில் பாக்கி இருபத்தெட்டாயிரம். வால்பாறையில் பெட்டி இறங்கிய பிறகுதான் தருவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதாவது, அந்தச் சனிக்கிழமை இரவுக்குள் வண்டி வால்பாறை சேர்ந்தால் கடன் அடையும். சேராவிட்டால் வறீதுக்கு வண்டி இல்லை. வண்டி இல்லாவிட்டால் அவன் மறுபடி யாருக்கோ கிளீனர்.

காலையில் ஆலப்புழையில் படகு வீட்டை விட்டு இறங்கினோம். வறீதின் பழைய கூட்டாளிகள் வழக்கம்போல ரோஸிலிக்கென்று ஒரு பழுத்த பலாப்பழத்தைச் சாக்கில் போட்டுக் கூரைமேல் கேரியரில் பெட்டிகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பலாக் காலத்திலும் நடப்பதுதான். போகிற வழியில் வறீது தன் வீட்டில் இறக்கிக் கொடுப்பான். ரோஸிலி சந்து முழுக்கச் சுளை பங்கு வைப்பாள். கோடையில் பழுத்த பலாவோடு அந்தக் காட்டு வழியில் யாரும் ஏறமாட்டார்கள். யானைக்கு அந்த வாசனை எவ்வளவு தூரத்திலிருந்தும் எட்டும்.

சாலக்குடியில் அவன் வீட்டுச் சந்து வந்தது. வறீது திருப்பவில்லை. நேரே விட்டான். கை ஜெபமாலைக்குப் போனது.

என்னடா என்றேன்.

"வாசல்ல லோனப்பேட்டனோட ஸ்கூட்டர் நிக்குது சேட்டா. இப்ப பாத்தா சாவியப் புடுங்கிருவாரு. பணம் கைக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கறேன்."

சரியென்றுதான் எனக்கும் பட்டது. சாக்குமூட்டை எங்கள் இருவர் நினைவிலும் வரவில்லை.

அதிரப்பள்ளி அருவியில் மகளும் மருமகனும் படம் எடுத்து முடிக்கவே பொழுது சாயத் தொடங்கிவிட்டது. வறீது கடிகாரத்தைப் பார்ப்பதும் மேகத்தைப் பார்ப்பதுமாக நின்றான். சாயங்காலம் ஆனால் காட்டு வழியை மூடிவிடுவார்கள். வாழச்சால் சோதனைச் சாவடியில் கடைசி வண்டிகளில் ஒன்றாக நாங்கள் போய் நின்றோம். அங்கே ஒரு மரத்தடியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லோனப்பன் நின்றிருந்தார். மலை ஏறுகிற எந்த வண்டியும் அந்த இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா.

கட்டையான மனிதர். சத்தம் போடவில்லை. ஜன்னல் வழியாக உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"பணம், இல்லேன்னா சாவி. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சந்தோஷந்தான்."

வறீது சாவியைக் கையால் மூடிக்கொண்டான். நான் இறங்கினேன். இந்த மாதிரி இடத்தில் பேசுவதற்கென்றே பிறந்தவன் நான். பணம் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது, வால்பாறையில் இறங்கியதும் கைமாறும், நம்பிக்கை இல்லையென்றால் கூடவே ஏறி வந்து வாங்கிக்கொள்ளுங்கள், இரவு என் விடுதியில் படுக்கை இலவசம் என்றேன். லோனப்பன் ஸ்கூட்டரைச் சாவடிக்காரரிடம் விட்டுவிட்டு, என்னைப் பின்னால் தள்ளி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இதற்கிடையில் சாவடிக்காரர் கூரையைக் காட்டி என்ன மூட்டை என்று கேட்டதும், லோனப்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்த வறீது எல்லாம் துணிதான் என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பக்கத்து மளுக்கப்பாறைச் சாவடியை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்று எழுதிய சீட்டோடு காட்டுக்குள் நுழைந்தோம்.

இருபக்கமும் மூங்கில். எதிரே வண்டியும் இல்லை, பின்னால் வண்டியும் இல்லை. வறீது மெதுவாகவே போனான். லோனப்பன் ஒவ்வொரு குழிக்கும் என் வண்டி, என் வண்டி என்று முனகினார். சோலையாற்று அணைத் தண்ணீர் மரங்களுக்கிடையே தெரிய ஆரம்பித்த ஒரு வளைவில், ரோட்டின் நடுவே ஈரமான சாணம் கிடந்தது. ஆவி போய்க்கொண்டிருந்தது.

வறீது வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தான். முன்னால் மூங்கில் அசைந்தது. தனியாகத் திரியும் கொம்பன் யானை ஒன்று ரோட்டில் ஏறி எங்களைப் பார்த்து நின்றது.

இப்படி நிற்பது புதிதில்லை. ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்குப் போடக் கூடாது, பேசாமல் இருந்தால் அது பாட்டுக்குப் போய்விடும். எத்தனையோ முறை போயிருக்கிறது. இது போகவில்லை. துதிக்கையைத் தூக்கிக் காற்றில் இப்படியும் அப்படியும் ஆட்டியது. ஓரடி முன்னால் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. வறீது மறுபடி ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டு வளைவின் ஓரம் வரை பின்னால் போனான். அதுவும் கூடவே வந்தது. அதற்குமேல் பின்னால் போனால் பள்ளம்.

மயிலாத்தாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகன் செல்போனை எடுத்தவன், படம் பிடிக்காமல் அப்படியே வைத்திருந்தான். வெயிலில் காய்ந்த கூரையிலிருந்து ஒரு வாசனை அப்போதுதான் உள்ளே இறங்கியது. இனிப்பாக, கனமாக.

வறீது என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

"சேட்டா, பலாச்சக்கை மேலயே இருக்கு."

லோனப்பனுக்கும் புரிந்துவிட்டது. அவர் கை தானாக வறீதின் சட்டையைப் பிடித்தது. கதவைத் திறக்காதே, கவிழ்த்தாலும் உள்ளேயே இருப்போம் என்றார்.

"கவுத்துச்சுன்னா அப்புறம் நீங்க எதை எடுத்துட்டுப் போவீங்க லோனப்பேட்டா, தகரத்தையா?" என்றான் வறீது. கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். பிறகு அவர் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தான்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. என் விருந்தாளிகள் மூன்று பேர் உள்ளே இருந்தார்கள். போ என்றும் என் வாயில் வரவில்லை. அவன் சீட்டுகளுக்கிடையே ஊர்ந்து வந்து, பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கினான். கூரைக்குப் போகும் ஏணியில் அவன் கால் ஒவ்வொரு படியாக மேலே போவது பின்கண்ணாடியில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. தலைக்குமேல் தகரம் மட்டும் முனகியது.

யானை அதைக் கேட்டது. காதை விரித்தது. இன்னும் நாலைந்து எட்டு வைத்தால் கண்ணாடியைத் தொட்டுவிடும். லோனப்பன் கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடமான ஜெபத்தைப் பாதியில் மறந்து திரும்பத் திரும்ப ஆரம்பித்துக்கொண்டிருந்தார். மேலே வறீது கயிற்றோடு மல்லுக்கட்டுவது கேட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று எனக்குப் புரியவில்லை. படகுக்காரர்கள் போட்ட முடிச்சு. எந்த நுனி என்று தெரிந்தால் ஒரு சுண்டில் அவிழும், தெரியாமல் இழுத்தால் இறுகும். அந்த முடிச்சைப் போட்டே வளர்ந்தவன் அவன். பயத்தில் முதலில் தப்பான நுனியை இழுத்துவிட்டதாகப் பின்னால் சொன்னான்.

சட்டென்று கயிறு சரசரத்தது. அந்த முடிச்சு அவிழ்ந்தால் பாதி அவிழாது, மொத்தமும் அவிழும். சாக்கு பள்ளத்துப் பக்கம் விழுந்து தெறித்தது. அதன் பின்னாலேயே மயிலாத்தாளின் பெரிய சிவப்புப் பெட்டியும் உருண்டது.

யானை திரும்பியது. அவசரப்படாமல், வீட்டுக்காரன் தன் வாசலில் இறங்குவதுபோல ரோட்டோரம் இறங்கியது. பெட்டியின்மேல் ஒரு கால் வைத்துத் தாண்டியது. பெட்டி சத்தம்கூடப் போடவில்லை. சுளையை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டு அது எங்களை மறந்தது.

வறீது எப்போது இறங்கினான், எப்போது ஸ்டியரிங்குக்கு வந்தான் என்று நான் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தது. மளுக்கப்பாறைச் சாவடியில்தான் நின்றது. நேரம் தாண்டிவிட்டதென்று அங்கே திட்டினார்கள். வறீது சரி சரி என்று தலையாட்டினான். அவன் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன.

யானையைவிட எனக்குப் பெரிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பெட்டி போன அம்மாள் பாக்கியைத் தருவாரா. வழியெல்லாம் நான் ஒரு பேச்சைத் தயார் செய்தேன். படகுக்காரர்கள் எங்களுக்குத் தெரியாமல் கட்டிவிட்டார்கள், வறீதுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லலாம். நல்ல பேச்சு. விடுதி வாசலில் இறங்கியதும் வறீதுக்குக் கண்ஜாடையும் காட்டினேன்.

மயிலாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடித்தார்.

"ஏந்தம்பி, அந்தப் பழம் ஆரோடது?"

"என்னோடதுதாங்க அம்மா. வீட்ல எறக்கணும். வாசல்ல இவரு நின்னாரு, பயந்து நேரா வந்துட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

என் பேச்சு வீணாயிற்று. லோனப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் வறீதின் கையையும் வண்டியின் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். பெட்டிக்குள் இரண்டு பட்டும் மகளுக்கு வாங்கிய ஏலக்காயும் தேயிலையும் இருந்தன என்று சொல்லி, அதற்கு ஐயாயிரம் கழித்துக்கொள்வேன் என்றார். கூடவும் இல்லை, குறைவும் இல்லை. வறீது ஒத்துக்கொண்டான். மிச்சம் இருபத்து மூவாயிரம். கடனுக்கு மூவாயிரம் பற்றாது. அவன் வண்டியைப் பார்த்தான். நான் என் பையைத் தொட்டேன். எடுத்திருப்பேன், யாரும் சந்தேகப்பட வேண்டாம். அதற்குள் அந்த அம்மாள் லோனப்பன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இந்த வண்டிய மொத்தமா வாடகைக்குப் புடிச்சது நானு. நீங்க ஆரக் கேட்டு ஏறுனீங்க?"

லோனப்பன் விழித்தார். தன் பணத்துக்காகத்தான் வந்ததாக ஏதோ சொன்னார்.

"அது உங்க ரெண்டு பேத்துப் பாடுங்க. முன் சீட்ல உக்காந்து வந்தீங்கல்ல. தேக்கடில நாலு பன்னி காட்டுனதுக்கே தலைக்கு இத்தன வாங்கிப்புட்டாங்க. நீங்க கொம்பனையே கைக்கு எட்டுற தூரத்துல பாத்துப்போட்டு ஓசில எறங்கறீங்களே. மூவாயிரம் எனக்கு வெய்யிங்க, இல்லாட்டி இந்தத் தம்பி கடன்ல கழிச்சுப்போடுங்க."

மருமகன் சிரித்துவிட்டான். காட்டைத் தாண்டியபின் எங்களில் ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. லோனப்பன் அநியாயம் என்றார், வட்டிக்கே காணாது என்றார். ஏணியில் ஏறியவன் கீழே விழுந்திருந்தால் உங்கள் வட்டியை யானையிடமா கேட்டிருப்பீர்கள் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் வறீதின் சிவந்த கையைப் பார்த்தார். ஆயிரத்தைந்நூறு விட்டுக்கொடுப்பதாகவும் மீதி வேண்டும் என்றும் முனகினார். மீதி ஆயிரத்தைந்நூறை நான் எடுத்து மேஜைமேல் போட்டேன். எழுதிக்கொள் என்றோ திருப்பிக் கொடு என்றோ வறீதிடம் சொல்லவில்லை. கடன் முழுசும் தீர்ந்தது, இனி இந்தப் பாக்கியைப் பற்றிப் பேசமாட்டேன் என்று லோனப்பனை எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தது நான்.

வறீதுக்குக் கை வலித்தது. அதனால் மயிலாத்தாளே எண்ணினார். லோனப்பன் கையை நீட்டினார். சாவடியில் நீட்டிய அதே கைதான், இப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது என்று வரும்போது நோட்டுகள் சரிந்து தரையில் விழுந்தன. அந்த அம்மாள் அலுத்துக்கொள்ளாமல் பொறுக்கி எடுத்து, அவர் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, விரித்த உள்ளங்கையில் முதல் நோட்டிலிருந்து மறுபடி எண்ணி வைத்தார்.